கட்டுபடியாகாது என்று சொல்லும் உரிமை

ஐபிஎல் ரசிகனுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். ஒன்று கோடையில் பந்தும் மட்டையுமாக நடப்பது. இன்னொன்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை, பந்தே இல்லாமல் நடப்பது. யாரைத் தக்கவைத்தார்கள், யாரை விட்டார்கள், யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள், ஏலத்தில் எவ்வளவு போனான், பயிற்சி முகாம் தொடங்கும்போது முதல் பதினொருவரில் யார் யார். இந்த இரண்டாவது சீசனில் நம் அணி தோற்பதே இல்லை. எனக்குத் தெரிந்த பலருக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கும் இப்படியொரு பருவம் உண்டு. 'சூடான அடுப்பு லீக்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வெளியே பனி, மைதானம் மூடிக் கிடக்கும், ஊர்க்காரர்கள் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த வருஷ அணியை வாயாலேயே கட்டி முடிப்பார்கள். கோவையில் அவ்வளவு குளிர் இல்லை. எங்களுக்கு பேக்கரி போதும். மற்ற ஊர்களில் டீக்கடை செய்கிற வேலையை இங்கே பேக்கரிதான் செய்கிறது. சரவணம்பட்டியில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில், மாலை ஐந்து மணிக்குக் கையில் டீயும் தேங்காய் பன்னுமாக நிற்கும் ஏழெட்டுப் பேர்தான் எங்கள் தேர்வுக்குழு.

போன நவம்பரில் இந்தக் குழு கிட்டத்தட்ட உடைந்தது. 2025 சீசனில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று, முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்திருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்குவார்கள் என்று வந்தபோது பேக்கரி இரண்டாகப் பிரிந்தது.

"ஏனுங்க, பன்னெண்டு சீசன் ஆடுன மனுசன். அகமதாபாத்துல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன்னு அடிச்சுக் கப்பு வாங்கிக் குடுத்தவரு. அவரைக் குடுத்துப்போட்டா வர்றது?"

"அதெல்லாம் 2023 கதைங்ண்ணா. வயசு முப்பத்தேழு ஆகப்போகுது. கீப்பர் வேணும், டாப் ஆர்டர் வேணும், அடுத்த அஞ்சு வருசத்துக்கு ஆள் வேணும். இதைவிட நல்ல டீல் கெடைக்காது."

பேக்கரிக்காரர் மலையாளி. அவர் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லவே வேண்டாம். அன்று டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அடுத்தது டிசம்பர் 16, அபுதாபி ஏலம். பதிரனாவை விட்டுவிட்டார்கள், அவரை கொல்கத்தா 18 கோடிக்குக் கொண்டுபோனது. இந்திய அணிக்கு இன்னும் ஆடாத இரண்டு பையன்கள், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஒவ்வொருவரையும் சென்னை 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம். முதல்முறையாகச் சென்னை இளரத்தத்தை நம்பியது என்று ஒரு பாதி, இந்தப் பணத்தில் பதிரனாவையே வைத்திருக்கலாமே என்று இன்னொரு பாதி.

இந்தப் பேச்சில் நானும் இருந்தேன், சத்தமாகவே இருந்தேன். எனக்கு அதில் ஒன்று தோன்றியது. பேக்கரியில் நிற்கிற எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். எங்களில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு கிரிக்கெட் மட்டைக்கு மேல் எதுவும் கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் ஓனர் பேச்சு. 'விட்டுடலாம்', 'வித்துடலாம்', 'அந்த ரேட்டுக்கு லாயக்கில்லை'. வாங்குகிறவன் பக்கம் நின்றே பேசுகிறோம். விற்கப்படுகிறவன் பக்கம் ஒரு நாற்காலி இருக்கிறது என்பதே நினைவில் இல்லை.

இது ஐடிக்காரர்களுக்கு இன்னும் சுலபம். எங்கள் அலுவலகச் சொற்களும் ஐபிஎல் சொற்களும் ஒன்றேதான். பெஞ்ச், ரிலீஸ், ரிடென்ஷன், ரீப்ளேஸ்மென்ட். புராஜெக்டிலிருந்து ஆளை ரிலீஸ் செய்வார்கள், வேறு புராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார வைப்பார்கள். தினமும் கேட்கிற சொற்களை, ஒருநாளாவது நாம் சொல்லும் இடத்தில் நின்று சொல்லிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏலம் நடந்த அன்று நான் ஊரில் இருந்தேன். கொடுமுடிப் பக்கம், பெரியப்பா வீடு. மஞ்சள் விவசாயி. கிரிக்கெட் பார்க்கமாட்டார், ஆனால் ஏலம் என்ற சொல் காதில் விழுந்ததும் கட்டிலை டிவி பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோடிகள் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பையன் இப்ப வேண்டாம்னு சொல்லலாமா கண்ணு?"

"எதைங்க பெரியப்பா?"

"அந்த வெலைய. இல்லீன்னா, இந்த ஆளுககிட்டப் போகமாட்டேன்னு."

"சொல்ல முடியாதுங்க. யார் அதிகம் கேக்கறாங்களோ அவங்க டீமுக்குத்தான் ஆடோணும்."

"அப்பறம் என்ன ஏலம் அது?" என்றார்.

அவர் கேட்டது எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பழகிய ஏலம் வேறு. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மஞ்சளைக் கொண்டுபோய் வைத்தால், விரலி தனி, கிழங்கு தனி, மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். மறைமுக ஏலம். எவன் எவ்வளவு எழுதினான் என்று அடுத்தவனுக்குத் தெரியாது. கூடுதலாக எழுதியவன் பெயர் வரும். அதன்பிறகுதான் முக்கியமான இடம்: அந்த விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி கொடுக்க வேண்டியதில்லை. 'கட்டுபடியாகாதுங்க' என்று ஒரு வார்த்தை, மூட்டை திரும்பக் கிடங்குக்குப் போகும். 2010-11இல் மஞ்சள் விலை உச்சத்துக்கு ஏறி, அடுத்த வருஷமே விழுந்தபோது, எங்கள் பக்கம் எத்தனையோ பேர் மூட்டையை வருஷக்கணக்கில் வைத்துக் காத்திருந்தார்கள். அதில் லாபம் பார்த்தவரும் உண்டு, புழு அரித்துப் போட்டுவிட்டு வந்தவரும் உண்டு. ஆனால் அந்த முடிவு அவர்களுடையது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் இதே கதைதான். காங்கேயம் காளைக்குத் தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். விரலுக்கு விரல் ஏறும். வேண்டாம் என்றால் மாட்டுக்காரர் கையை உருவிக்கொள்வார். மாட்டை யாரும் கேட்பதில்லை, உண்மைதான். ஐபிஎல் ஏலத்தில் வீரன் மாட்டுக்காரனா, மாடா என்பதுதான் பெரியப்பாவின் கேள்வி.

பேஸ்பாலில் இந்தக் கேள்வியை ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். கர்ட் ஃபிளட், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நடுக்கள ஃபீல்டர். 12 சீசன் ஒரே அணிக்கு ஆடியவரை 1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் அணியின் சொத்துதான். வேறு அணியோடு பேசவே முடியாது. ஃபிளட் போகமாட்டேன் என்றார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் பண்டமில்லை என்ற பொருளில், அந்த டிசம்பரில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர், நல்ல காசு. இவ்வளவு வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று பலர் கேட்டார்கள். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவர் ஆட்டமும் முடிந்துவிட்டது. 1970 முழுக்க ஆடவில்லை, 1971இல் 13 ஆட்டங்கள், அவ்வளவுதான். ஆனால் அவர் திறந்துவிட்ட பேச்சு நிற்கவில்லை. வீரர் சங்கம் விடாமல் போராடி, 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பின் வழியாக, ஒப்பந்தம் முடிந்தால் வீரன் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. இன்று அமெரிக்க ரசிகர்கள் பனிக்காலம் முழுக்க 'அவன் எங்கே கையெழுத்துப் போடுவான்' என்று பேசுகிறார்கள் என்றால், கையெழுத்து அவன் கையில் இருப்பதால்தான்.

ஜடேஜாவுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. 2008இல் 19 வயதில் ராஜஸ்தானுக்கு ஆடிக் கோப்பை வென்றவர் அவர். 2010இல், ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு நேரடியாகப் பேசப் பார்த்தார் என்று அந்தச் சீசன் முழுக்க ஆடத் தடை விதித்தார்கள். தன் விலையைத் தானே பேசியது குற்றம். 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கானும் உச்சவரம்பான 20 லட்சம் டாலரில் முட்டிக்கொண்டபோது, ரகசியத் தொகை எழுதிக் கொடுத்து முடிவுசெய்தார்கள். ஈரோட்டுச் சீட்டு மாதிரியேதான். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று வெளியே சொல்லவில்லை. கடைசியில் 2025இல், 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கி, தொடங்கிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐபிஎல்லில் இப்படி மாற்றிக்கொள்ளும்போது வீரனின் சம்மதம் வேண்டும். ஜடேஜா சம்மதித்துத்தான் போனார். ஃபிளட்டுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் ஏலத்தில் அந்தச் சம்மதம் இல்லை. அடிப்படை விலையைச் சொல்வதோடு வீரனின் வாய் முடிந்தது. டெல்லி 6.25 கோடிக்கு எடுத்த ஹாரி புரூக், 2025 சீசனுக்கு வரவில்லை என்றதும் இரண்டு ஆண்டுத் தடை. கடைசி நேரத்தில் கைவிட்டால் அணி என்ன செய்யும் என்ற வாதம் சரிதான். ஆனால் சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்த அணிக்கு அப்படியொரு தண்டனை கிடையாது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 10.75 கோடி கொடுத்து எடுத்துவிட்டு, அதே 2025இல் டெல்லி அவரைப் பெரும்பாலும் வெளியேதான் உட்காரவைத்தது.

பதினான்கு கோடி வருகிறபோது எவன் வேண்டாம் என்பான் என்று கேட்கலாம். எவனும் சொல்லமாட்டான். அந்த உரிமை தேவைப்படுகிறவன் பட்டியலின் அடியில் இருப்பவன். எங்கள் கோவைப் பையன் நாராயண் ஜகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் சென்னை அணியோடு இருந்து ஆடியது ஏழே ஆட்டங்கள். 2022 நவம்பர் 15இல் விட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் அவர் விஜய் ஹசாரே கோப்பையில் வரிசையாகச் சதம் அடித்துக்கொண்டிருந்தார். 21ஆம் தேதி அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. அது தொடர்ந்து ஐந்தாவது சதம். உள்நாடு, சர்வதேசம் எல்லாம் சேர்த்து ஒருநாள் ஆட்டங்களில் அதுவரை எவனும் செய்யாதது. பேக்கரியில் அன்று எல்லாரும் சென்னையைத் திட்டினார்கள். ஒரு மாதத்தில் கொல்கத்தா 90 லட்சத்துக்கு எடுத்தது. அங்கே ஆறு ஆட்டம். எங்கள் பேச்சு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

அதே கோவைக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 2023இல் டிஎன்பிஎல் முதல்முறையாக ஏலம் நடத்தியபோது, லைகா கோவை கிங்ஸ் சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐபிஎல்லில் அப்போது குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம். ஊர் லீக் ஐபிஎல்லைவிடக் கூடுதலாகக் கொடுத்த அந்தக் கணக்கைப் பெருமையாகச் சொல்வோம். ஒரே ஆளுக்கு இரண்டு சந்தையில் இரண்டு விலை என்றால், விலை என்பது ஆளைப் பற்றியது மட்டுமல்ல, யார் எந்த நேரத்தில் எந்தச் சந்தையில் நிற்கிறார்கள் என்பதைப் பற்றியதும்கூட. மஞ்சள் விற்றவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது ஆடிக்கொண்டிருக்கும் இந்திய வீரர்களுக்குச் சங்கம் இல்லை. 2019இல் வந்த இந்தியக் கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. மில் தொழிலாளர் சங்கங்கள் வளர்ந்த ஊரில், அந்தப் பழைய மில்களின் பக்கத்திலேயே எழும்பிய கட்டடங்களில் உட்கார்ந்து வேலை செய்யும் எங்களுக்கும் பெரும்பாலும் இல்லை.

எங்கள் தேர்வுக்குழுவில் ஈரோட்டு நண்பர் ஒருவர் உண்டு. எக்செல்லில் பட்டியல் போடுவது அவர்தான். வயது, ஸ்ட்ரைக் ரேட், விலை, விடலாமா வைக்கலாமா, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பத்தி. அக்டோபரில் அவர் போட்ட பட்டியலில் பாதிக்கு மேல் அப்படியே நடந்தது. நவம்பர் கடைசியில் அவருடைய புராஜெக்ட் முடிந்தது. இரண்டு வாரம் பெஞ்ச், பிறகு ஒரு மீட்டிங், இருபது நிமிஷம். வீட்டுக்கடன் ஓடுகிறது, குழந்தைக்கு மூன்று வயது. பேக்கரியில் விஷயத்தைச் சொன்னபோது, "என்னை ரிலீஸ் பண்ணிட்டாங்க மாப்ள" என்று அதே சொல்லைத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு அழைப்பு வந்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு, உடனே சேர வேண்டும், மூன்று வருஷம் போகமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கட்டுபடியாகாதுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கும் பேக்கரி இரண்டாகப் பிரிந்தது. இந்த நேரத்தில் எவனாவது விடுவானா என்று ஒரு பக்கம். குறைச்சுப் போனா அடுத்த இடத்திலும் அதே ரேட்தான் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம் நின்றேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன், அவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றாலும்.

அவர் இப்போதும் மாலையில் வருகிறார். சஞ்சு தொடக்கமா மூன்றாவதா, ருதுராஜ் எங்கே என்று முதல் பதினொருவரைப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் பட்டியலைத் திறந்து காட்டினார். விலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்: 'அவனுக்கு என்ன வேணுமாம்?' ஜடேஜா பெயருக்கு நேராக 'சரின்னுட்டார்' என்று எழுதியிருந்தது. மற்ற கட்டங்கள் காலி. அதையெல்லாம் யார்கிட்டப் போய்க் கேக்கறது என்றார்.