அம்மா மூச்சு வாங்கும் இடம்

அம்மா தாலாட்டுப் பாடிய பதிவு என் கைப்பேசியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு நிமிடம் பத்து விநாடி. அக்காள் மகனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே பாடியது. மேலே சுற்றிய மின்விசிறியின் சத்தமும் கூடவே பதிவாகியிருக்கிறது. அம்மா காலமாகி மூன்றாண்டு ஆகிறது. போன மாதம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. “முப்பதாம் நாள் தொட்டில் போடும்போது வீட்டுல அம்மா குரல் கேட்கணும்ணா” என்றாள்.

பகலில் கிள்ளானில் கிடங்கு வேலை, இரவில் ரீப்பர் மென்பொருளில் நண்பர்களின் பாடல்களுக்கு மிக்ஸிங் செய்வது என் பிழைப்பும் பொழுதுபோக்கும். இது சுலபம் என்று நினைத்துவிட்டேன். குரலுக்கு அடியில் வயலின்களும் ஒரு புல்லாங்குழலும் சேர்த்ததும் அம்மா அமிழ்ந்துபோனார். குரலை ஏற்றினால் மின்விசிறியும் ஏறுகிறது. இசையைக் குறைத்தால் பாட்டே வெறிச்சோடிப் போகிறது.

வானொலியில் அறிவிப்பாளர் வாய் திறந்ததும் பின்னணிப் பாட்டு தானாகத் தணியும், அவர் நிறுத்தியதும் எழும் அல்லவா? அந்த வேலையைச் செய்வதுதான் சைட்செயின் கம்ப்ரெஷன். நடன இசையில் கிக் டிரம் விழும்போதெல்லாம் பேஸை அமுக்கிவிட இதை நானே பலமுறை போட்டிருக்கிறேன். குரலுக்குப் போட்டதில்லை.

சாதாரண கம்ப்ரெஸர் தான் இருக்கும் டிராக்கைக் கேட்டு அதையே அமுக்கும். சைட்செயினில் கேட்பது ஒன்றை, அமுக்குவது வேறொன்றை. குரல் டிராக்கின் ரூட் பொத்தானை இழுத்து இசை டிராக்கின் மேல் விட்டு, 3/4 சேனலுக்கு அனுப்பினேன். இசை டிராக்கில் ரியாகாம்ப் போட்டேன். அதில் டிடெக்டர் இன்புட்டை ஆக்ஸிலரிக்கு மாற்ற மறந்துபோனேன். அரை மணி நேரம் இசை தன் சத்தத்துக்குத் தானே பயந்து அடங்கிக்கொண்டிருந்தது!

அது சரியானபின் த்ரெஷோல்டை மின்விசிறியின் இரைச்சலுக்கு மேலே, குரலுக்குக் கீழே நிறுத்தினேன். ரேஷியோ 3:1. இசை நான்கு டெசிபெல் தணிந்தாலே போதுமாக இருந்தது.

என்னை மூன்று இரவு உட்கார வைத்தது ரிலீஸ்தான். குரல் நின்றபின் இசை எவ்வளவு நேரத்தில் மேலே வரவேண்டும் என்ற கணக்கு அது. 100 மில்லிவிநாடி வைத்தபோது, அம்மா அடிகளுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடத்தில் வயலின்கள் பாய்ந்து வந்து அந்த மூச்சை விழுங்கின. 300 வைத்தும் போதவில்லை. 800-க்குக் கொண்டுபோனதும் மூச்சு கேட்டது. தொட்டிலை ஆட்டும் கையின் வளையல் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அந்தப் பதிவில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

முப்பதாம் நாள் ஒலிபெருக்கியில் போட்டோம். தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“அந்த ஃபேனுக்கு எண்ணெய் போடச் சொல்லி உங்கம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பா” என்றார்.