பின்னாடி போற சிக்னல்

போன செமஸ்டர் லீவில் தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. "செத்துப்போன செல்லை ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. அதைச் சுத்தி இருக்கிறதைத்தான் காப்பாத்தப் பார்க்கிறோம்" என்றார் டாக்டர். சுத்தி இருக்கிறது ஏன் சாகணும்? அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன்.

ரத்தம் கிடைக்காத செல்கள் குளூட்டமேட்டைக் கொட்டிவிடுகின்றன. சாதாரண நாளில் அது செல்லுக்குச் செல் செய்தி கொண்டுபோகிற ரசாயனம்தான். அளவு மீறினால் பக்கத்து செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து அதையும் சாகடிக்கும்.

இதற்கு மூளையிடமே ஒரு பிரேக் இருக்கிறது. செய்தியை வாங்குகிற செல், தன் சவ்வில் இருக்கும் கொழுப்பிலிருந்தே 2-ஏஜி என்ற பொருளைச் செய்து, அனுப்பின செல்லுக்கே திருப்பி அனுப்புகிறது. அது அங்கே சிபி1 என்ற ஏற்பியில் போய் ஒட்டினதும் குளூட்டமேட் வரத்து குறைகிறது. நெகட்டிவ் ஃபீட்பேக்! கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர் வைத்தவன் நான். அந்த லூப் எதுக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

2001-ல் ஜெருசலேம் ஆய்வாளர்கள், தலையில் அடிபட்ட சுண்டெலிகளுக்கு 2-ஏஜி கொடுத்துப் பார்த்தார்கள். மூளை வீக்கம் குறைந்தது, எலிகளும் நன்றாகத் தேறின. (1992-ல் கண்டுபிடித்த இதன் சொந்தக்காரப் பொருளுக்கு ஆனந்தமைடு என்று பேர். ஆமா, நம்ம 'ஆனந்தம்'தான்.)

ஹாஸ்டலுக்குத் திரும்பி இதைச் சொன்னதும் ரூம்மேட் கேட்டான்: "அப்போ கஞ்சா மூளைக்கு நல்லதுதானே மச்சான்?"

அவன் சும்மா கேட்கவில்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து இழுக்கிறான். படிச்சது எதுவும் மண்டையில நிக்கலடா என்று என்னிடம்தான் புலம்புவான். கஞ்சாவின் டிஎச்சியும் அதே சிபி1-ல் தான் ஒட்டுகிறது, அது உண்மை. ஆனால் மூளை தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் 2-ஏஜியைச் செய்து, வேலை முடிந்ததும் உடைத்துவிடும். டிஎச்சிக்கு இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸில் சிபி1 நிறைய இருக்கு, அங்கேயும் போய் பிரேக்கை மிதிக்கும்.

"பிரேக் நல்லதுதான்டா, அதுக்காக ஓடுற வண்டியில நாலு மணி நேரம் மிதிச்சுக்கிட்டே இருப்பியா?" என்றேன். பதில் சொல்லவில்லை. லைட்டை அணைத்துப் படுத்துவிட்டான்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டேன், இந்த வழியில் ஸ்ட்ரோக்குக்கு மருந்து இருக்கா சார் என்று. சிரித்தார். "எலிக்கு இருக்கு தம்பி" என்றார். பக்கத்தில் தாத்தா வலது கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை.