சேலத்து நாக்கும் பீரின் வகைகளும்

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். நாள், 1937 அக்டோபர் 1. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்குச் சேலத்துக்குள் அடக்கம். அதைக் கொண்டுவந்த ராஜாஜி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்தே மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டமே பல திருத்தங்களோடு இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. உரிமமில்லாமல் வீட்டில் ஒரு குடம் பீர் காய்ச்சினாலும் அது குற்றம்.

இந்த மாவட்டத்துக்காரன் பீரைப் பற்றி ஆசையாக எழுத உட்காரும்போது இதை முதலில் சொல்லிவிடத்தான் வேண்டும். குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் மதுக்கடையை எடுக்கச் சொல்லி, 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். அவர் கோபத்தில் பொய் இல்லை. நான் எழுத வந்தது வேறொரு இழப்பைப் பற்றி. ஒரு பக்கம் தொடவே கூடாது என்ற சட்டம். இன்னொரு பக்கம், கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்கி, நின்ற இடத்திலேயே விழுங்கிவிட்டுப் போகிற கடை. இரண்டுக்கும் நடுவே, ஒரு பானத்தை மோந்து பார்த்து, நாக்கில் வைத்து, இது எதிலிருந்து வந்தது என்று யோசித்துக் குடிக்கிற பழக்கம் எங்கள் பக்கம் அற்றே போய்விட்டது.

அது முன்பு இருந்தது. ‘பெரும்பாணாற்றுப்படை’யில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் முழுச் செய்முறையே இருக்கிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். இன்றைய பீர்த் தொழிற்சாலை வாற்கோதுமையை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். எங்கள் தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில் முதலில் நினைவுக்கு வருவதும், அவன் கள்ளைப் பகிர்ந்து கொடுத்த விதம்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் அவளுக்குக் கொடுத்துவிடுவானாம்.

1981-இல் மறுபடி திறந்த கள்ளுக்கடைகள் 1987 பிறந்ததோடு மூடின. அந்த இடைக்காலத்தில் நான் சிறுவன். எங்கள் அப்பாரு காலைக் கள்ளின் இனிப்பையும் சாயங்காலக் கள்ளின் புளிப்பையும் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசுவார். பனங்கள்ளா தென்னங்கள்ளா என்பதைக் குடிக்காமல், வாசத்திலேயே சொல்லிவிடுவார். அவர் தள்ளாடி நான் பார்த்ததில்லை. ருசியைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதரின் குவளை மெதுவாகத்தான் காலியாகும்.

அந்தப் பேச்சை நான் மறுபடி கேட்டது பெங்களூரில். இந்திரா நகர் நூறடிச் சாலையில் 2010-இல் தொடங்கிய டாய்ட் போல, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் கடைகள் அந்த ஊரில் நிறைய. என் மனைவியின் தம்பி அங்கே வேலையில் இருக்கிறான். அவன் முதலில் வாங்கித் தந்தது பெரிய கோப்பை இல்லை; பலகையில் வரிசையாக வைத்த சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகள். வெளுத்ததில் தொடங்கி கருத்ததில் முடியும் வரிசை.

“மாமா, மொதல்ல மோந்து பாருங்க. அப்புறம் குடிக்கலாம்.”

மங்கலான, பால் கலந்த மாதிரி மஞ்சள் நிறத்தில் ஒன்று இருந்தது. மோந்தேன்.

“ஏன் மாப்ள, இதுல மல்லி போட்டிருக்காங்களா?”

“ஆமாங்க மாமா, கொத்துமல்லி வெதையேதான். கூட ஆரஞ்சுத் தோலு.”

அது பெல்ஜியத்துக் கோதுமை பீர், விட்பியர். கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சுவது அந்த நாட்டின் பழைய வழக்கம். 1950-களின் கடைசியில் அந்த வகையே மறைந்துவிட்டது. ஹூகார்டன் என்ற ஊரில் பால்காரராக இருந்த பியர் செலிஸ் 1966-இல் அதைத் திரும்பக் காய்ச்சத் தொடங்கினார்; இன்று உலகம் முழுக்கக் கிடைக்கிறது. தினமும் மல்லி வறுக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வாசத்தைக் கண்டுபிடிக்க எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து பீர் வகைகளை அறிவதே என் பொழுதுபோக்காகிவிட்டது. பெங்களூருக்குப் போகும்போதெல்லாம் புதிதாக ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கி, மெதுவாகக் குடித்து, நோட்டில் எழுதி வைக்கிறேன். எழுத எழுத ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. இந்தச் சமவெளியில் வளர்ந்த நாக்குக்குப் பீரின் ருசிகளில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஜெர்மானியக் கோதுமை பீரான ஹெஃபெவைசனை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த வாசம் அடிக்கும். பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. பவேரியாவில் 1516-இல் வந்த கட்டுப்பாடு வாற்கோதுமை, கசப்புக்கான ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர எதையும் சேர்க்க விடவில்லை, கோதுமைக்கு மட்டும் பிறகு விலக்கு கிடைத்தது. அந்த வாசம் முழுக்க ஈஸ்ட்டின் வேலை. ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை அது உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்தில் இருப்பதும் அதே பொருள். பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்தில் ஒரு காலை நேரம் நின்றவர்கள் அதை ஏற்கெனவே நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறார்கள்.

வாற்கோதுமையை ஊறவைத்து, முளை கட்டி, காயவைத்து, வறுக்கிறார்கள். கைக்குழந்தைக்கு ராகி மால்ட் செய்கிற எந்தத் தாய்க்கும் இது புதிதில்லை. வறுப்பு ஏற ஏற பீரின் நிறம் கூடும். லேசாகக் காயவைத்தால் வைக்கோல் நிறம், நன்றாக வறுத்தால் செம்பு, கருக வறுத்தால் ஸ்டவுட்டின் கருப்பு. ஸ்டவுட்டைக் குடித்த எவரும் காப்பி என்றுதான் சொல்வார்கள். காப்பிக் கொட்டையைப் போலவே தானியத்தையும் வறுப்பதால் வரும் ருசி அது. ஏற்காட்டில் 1820-களிலேயே, காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில், காப்பி நட்டாயிற்று. ஆகவே எங்கள் ஊரில் வறுப்பின் பக்குவத்தைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை.

ஸ்டவுட் என்றதும் இலங்கையைச் சொல்லாமல் போக முடியாது. நுவரெலியாவில், மலையகத் தமிழர் தேயிலை பறிக்கும் குளிர்ந்த மலைகளுக்கு நடுவே, 1881-இல் சிலோன் ப்ரூவரி தொடங்கியது. அதன் லயன் ஸ்டவுட்டில் சாராயச் சத்து 8 விழுக்காட்டுக்கும் மேல். கெட்டியாக, சாக்லேட் வாசத்தோடு இருக்கும். அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்துப் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன். அவர் 1977-இல் எழுதிய உலகப் பீர் வழிகாட்டிதான், பீரை வகை வகையாகப் பிரித்து, எது எந்த ஊரில் எப்படிப் பிறந்தது என்று பார்க்கும் பார்வையைப் பரப்பியது. இன்று என் மைத்துனன் வயதுப் பிள்ளைகள் வாயில் சரளமாக வரும் வகைப் பெயர்களில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்துக்குக் கடன்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தண்ணீர். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். செக் நாட்டுப் பில்சன் நகரத்துத் தண்ணீர் மிக மென்மையானது. அதை வைத்து யோசெஃப் குரோல் 1842-இல் காய்ச்சியதுதான் பொன்னிறப் பில்ஸ்னர். இன்று டாஸ்மாக்கில் விற்கும் வெளிர் லாகர் எல்லாம், எந்தப் படம் ஒட்டியிருந்தாலும், அதன் வழிவந்தவை. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணற்றுத் தண்ணீரோ ஜிப்சம் நிறைந்த கடினநீர். ஹாப்ஸ் பூவின் கசப்பை அது கூர்மையாக்கிக் காட்டும். லண்டனில் ஹாட்சன் காய்ச்சிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கசப்புப் பீரை 1820-களில் பர்ட்டன்காரர்கள் தங்கள் தண்ணீரில் காய்ச்சியபோது அது இன்னும் தெளிவாக அமைந்தது. அதுதான் இந்தியா பேல் ஏல். நம் நாட்டின் பெயரைத் தாங்கியிருந்தும் நம்மவர் யாருக்காகவும் காய்ச்சப்படாத பீர். பின்னால் மங்கிப்போய், 1970-களில் அமெரிக்காவின் சிறு காய்ச்சுகூடங்கள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தன.

தண்ணீரின் ருசியில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மேட்டூரிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு ருசி, ஆயிரம் அடி போர் தண்ணீருக்கு ஒரு ருசி. ராசிபுரம் பக்கத்து வீடுகளில் குடிக்க ஒரு குடம், பருப்பு வேக ஒரு குடம், துவைக்க ஒரு தொட்டி என்று தனித்தனியாக வைப்பார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதை அறிந்த பெண்களுக்கு, பர்ட்டனில் பில்ஸ்னர் ஏன் சரியாக வரவில்லை என்பது ஒரே வாக்கியத்தில் விளங்கிவிடும்.

புளிப்புப் பீரும் எனக்குப் பழகியதாகவே தோன்றியது. பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக்கில் ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை. காய்ச்சிய நீரைக் குளிர்காலத்தில் அகலமான திறந்த தொட்டியில் ஓர் இரவு விட்டுவிடுவார்கள். காற்றில் இருப்பதே வந்து இறங்கிப் புளிக்கவைக்கும். பிறகு மரப்பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று வருடம். மரத்தில் கட்டிய பானையில் கள் தானாகவே புளிப்பதும் இப்படித்தான். வேகம் மட்டும் வேறு. எங்கள் வெயிலில் ஒரு பகலே போதும். லாம்பிக் காய்ச்சுவோரை பெல்ஜியம் தன் பெருமையாக வைத்துக் கொண்டாடுகிறது. மரம் ஏறும் கலையை நாம் வழக்குப் பதிவில் சேர்த்துவிட்டோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை எங்கும் மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி ஆலைகளுக்காகச் சேகோ சர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் சேலத்தில் தொடங்கியது. கிழங்கு விலை சரிந்தால் விவசாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. மொசாம்பிக் நாட்டில் 2011-இல் மரவள்ளியை முக்கியப் பொருளாக வைத்து இம்பாலா என்ற பீரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கிழங்கை உள்ளூர்ச் சிறு விவசாயிகளிடமிருந்தே வாங்கினார்கள். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைகின்றன, சேலத்தில் குண்டு மாம்பழமும் மல்கோவாவும் இருக்கின்றன. என்றைக்காவது சட்டம் இடம் கொடுத்து இங்கே ஒரு காய்ச்சுகூடம் வந்தால், அது வெளியூர் ருசியை நகலெடுக்காமல் இவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

இதில் இறங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குடிப்பழக்கம் இல்லாதவர் இதற்காக அதைத் தொடங்க வேண்டாம். ஏற்காட்டுக் காப்பியை வைத்தே இந்தக் கவனத்தையெல்லாம் பழகலாம். ஏற்கெனவே குடிப்பவர், போதைக்காக ஸ்ட்ராங் கேட்பதை விட்டுவிட்டு ஒருமுறை விட்பியரோ ஹெஃபெவைசனோ சின்னக் குவளையில் கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயில் ஐஸ் கட்டியாக வேண்டும் என்று சொல்லும், கேட்காதீர்கள். அதிகக் குளிர் ருசியை மறைத்துவிடும், ஸ்டவுட்டைச் சற்றே குளிர் தணிந்த பிறகுதான் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு வகைக்கு மேல் நாக்கு நினைவில் வைத்துக்கொள்ளாது, ஆகவே அதற்கு மேல் குடித்துப் பயனும் இல்லை. சேலத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் இருக்கிறது. காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.