கொடிமலைக்குப் போற வண்டியை உயர்த்தணுமா?

நம்ம பக்தர் ஒருத்தர் மலைக்குச் சாமான் ஏத்துற வண்டிக்கு 'லிஃப்ட் கிட்' உபயம் பண்றேன்னு சொன்னதிலிருந்து, "இன்னும் மாட்டலையா?"ன்னு கேக்காத ஆள் இல்ல. எங்க இளைஞர்களுக்கும் ரெண்டு அங்குலம் தூக்கிடணும்னு ஆசை. மயில் மாதிரி நிமிர்ந்து நிக்குமாம்!

வண்டி பழைய மிட்சுபிஷி ஸ்டோர்ம். பேருதான் புயல், மலையில ஊர்ந்துதான் போகும். ஸ்ரீ அருளொளி திருமுருகன் ஆலயத்துக்கு வர்ற பக்தர்கள் மலை ரயில்ல ஏறிடுவீங்க. அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, தேங்காய், அபிஷேகப் பால் எல்லாம் பொட்டானிக்கல் கார்டன் பக்கத்து ஜீப் பாதையில சுமார் 5 கிலோமீட்டர் ஏறணும். அனுமதி உள்ள வண்டிக்கு மட்டும்தான் அந்தப் பாதை.

சேறு, பாறை, ஆறு தாண்டுற வண்டிக்கு உயரம் வேணும், சரி. ஆனா ஜீப் பாதை செங்குத்தா இருந்தாலும் போட்ட ரோடுதான். 2017 நவம்பர் புயல் மழையில மண் சரிஞ்சு பாதை அடைபட்டப்போ, எவ்வளவு உயரமான வண்டியும் போக முடியல.

அப்போ ஏன் பின்பக்கம் உரசுது? மூட்டை ஏத்தினதும் வால் தரையைப் பாக்குது. இருபது வருஷம் சுமந்த லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து போச்சு. புது ஸ்பிரிங் போட்டா வண்டி தன்னோட பழைய உயரத்துக்கே வந்துடும். அது லிஃப்ட் இல்ல, வைத்தியம்.

முன்னால டார்ஷன் பார். அதை முறுக்கினா முன்பக்கம் ஏறும், பட்டறைக்காரருக்கு அரை மணி வேலை. ஆனா அச்சு மூட்டுகள் கோணலா சுத்தும், ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், குலுக்கலும் கூடும்.

எங்களை யோசிக்க வச்சது பிரேக்தான். இந்த வண்டியில பின் அச்சோட ஒரு கம்பி இணைஞ்சிருக்கு. சுமையில உடம்பு இறங்கினா, கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். வண்டியைத் தூக்கிட்டு அந்தக் கம்பியைச் சரிபண்ணாம விட்டா, சுமை இருந்தும் 'காலி'ன்னு நினைச்சுப் பின் பிரேக் குறைவாத்தான் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவுல, காலிப் பாத்திரம், தோம்போட நாலு தொண்டூழியர்களையும் ஏத்திக்கிட்டு இறங்குற வண்டி இது. எடை மேல போகப் போக வளைவுல சாயுற பயமும் கூடும். ஜேபிஜே அனுமதி விவகாரம் வேற.

இன்னொன்னு, யாரும் பேசாத விஷயம். மூட்டை தூக்குறவங்க பாதிப்பேர் அறுபது தாண்டின அண்ணன்மாரும் அக்காமாரும். ரெண்டு அங்குலம்னா பட்டறையில சின்னதுதான், இருபத்தஞ்சு கிலோ அரிசியை நெஞ்சுக்கு மேல தூக்குறவங்களைக் கேளுங்க.

உபயக்காரர்கிட்ட நேர்ல போய்ச் சொன்னோம். கொஞ்சம் முகம் வாடினாரு, மறைக்க வேண்டாம். "என் பேர் சொல்ற மாதிரி ஒன்னு இருக்கணும்னு நெனச்சேன்"னாரு. பிரேக் விஷயத்தை வண்டிக்கு அடியில படுத்துக் காட்டினதும், அந்தப் பணத்தைப் பின் ஸ்பிரிங், பிரேக் ஷூ, பிரேக் ஹோஸுக்கு மாத்திக்கச் சொல்லிட்டாரு. இளைஞர்களுக்கு இன்னும் வருத்தம்தான், புது டயர் வாங்கும்போது அவங்களைத் தேர்ந்தெடுக்க விடப் போறோம் (அதே அளவுல!).

வர்ற திங்கள், செவ்வாய் வண்டி பட்டறையில இருக்கும். கிருத்திகைக்குச் சாமான் குடுக்கிறவங்க ஞாயிறு மதியத்துக்குள்ள கீழேயே சேர்த்துடுங்க. முருகா சரணம்.