பெங்களூருக்குக் குடி போகலாமா?

சேலம் ஜில்லாவில் இப்போதெல்லாம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் உட்கார்ந்து ரசம் வருவதற்குள் ஒரு கேள்வி எழுந்து விடுகிறது. "பையன் பெங்களூரில் இருக்கிறான். எங்களையும் அங்கேயே வந்து விடச் சொல்கிறான். போகலாமா?" கேட்கிறவர் ஒருவர்; பதில் சொல்கிறவர்கள் பன்னிரண்டு பேர். அங்கே இருந்து பார்த்தவர் தயக்கத்துடன் சொல்வார். போகவே போகாதவர் அடித்துச் சொல்வார். பாயசம் வரும்போது விவாதம் உச்ச ஸ்தாயியை அடைந்திருக்கும். கேள்வி கேட்டவருக்கு மட்டும் ஒன்றும் விளங்கியிராது.

நம்மிடம் படித்த பிள்ளைகளில் பலர் அந்த நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் யோசனை கேட்க நம்மைத் தேடி வருகிறார்கள். வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்ற பழைய நம்பிக்கை இந்த ஒரு விஷயத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது! ஆகவே இரு பக்கத்து நியாயங்களையும் மனத்தில் பட்டபடி எழுதிப் பார்ப்போம்.

பெங்களூர் என்றதும் எல்லோரும் முதலில் பேசுவது சீதோஷ்ண நிலையைப் பற்றித்தான். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 1927-ல் காந்தி மகாத்மா உடல் நலிவுற்றபோது நந்தி மலையிலும், பிறகு பெங்களூர்க் குமார பார்க்கிலும் தங்கித்தான் உடம்பைத் தேற்றிக் கொண்டார். ஆனால் அந்தக் காலத்துப் பெங்களூர் வேறு. 2016 ஏப்ரலில் அங்கேயும் வெயில் 39.2 டிகிரியை எட்டிற்று. மரங்கள் போய் மாடிகள் வந்த ஊரில் இது நடக்கக் கூடியதுதான். இருந்தாலும் சேலத்தில் சித்திரை மாதத்து ராத்திரி புழுங்கித் தவித்து விட்டு அங்கே போகிறவனுக்கு அது சொர்க்கம் என்பதை மறுக்க முடியாது.

தமிழனுக்கு அந்த ஊர் அந்நியமானதும் அன்று. 1809-ல் வெள்ளைக்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த தங்கள் தண்டைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அதன் பின்னோடு வியாபாரிகளும், கட்டட வேலைக்காரர்களுமாகத் தமிழ்ச் சீமையிலிருந்து ஏராளமான ஜனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். அல்சூர்ப் பக்கத்துத் தெருக்களில் தமிழ் ஒலிப்பதற்கு அதுதான் ஆதி காரணம். சேலத்தில் வக்கீலாயிருந்த ராஜாஜி படித்தது பெங்களூர் ஸென்ட்ரல் காலேஜில்தான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் ஸி. வி. ராமன் 1933-ல் கல்கத்தாவிலிருந்து அங்கே வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய டைரக்டரானார். பிறகு அவ்வூரை விட்டுப் போகவேயில்லை. விமானத் தொழிற்சாலை 1940-ல் வந்தது. டெலிபோன் தொழிற்சாலை 1948-ல் வந்தது. சுதேசித் தொழில் என்று நாம் பெருமைப்பட்டவற்றில் பெரும் பகுதி அங்கேதான் வளர்ந்தது. கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் பின்னால் வந்தவை.

உத்தியோகம் என்ற ஒன்றுக்காக இளைஞர்கள் அங்கே போவதில் தவறு காண நாம் தயாராக இல்லை. ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு வேலை கிடைக்கும் ஊர் நம் தேசத்தில் எத்தனை இருக்கின்றன? சம்பளத்தின் பெரும் பகுதியை வாடகை விழுங்குகிறது என்பது உண்மை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அங்கே நெடுநாள் வழக்கம். வழியிலே கழியும் பொழுதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023-ம் வருஷத்தில் உலக நகரங்களின் போக்குவரத்தை அளந்த ஒரு கணக்குப்படி, அங்கே பத்துக் கிலோமீட்டர் போக 28 நிமிஷம் ஆயிற்று. நம் ஊரில் சைக்கிளில் போகிறவன் ஏறக்குறைய அதே வேகத்தில் போய் விடுவான்! 2022 செப்டம்பரில் பெய்த மழையிலோ கம்ப்யூட்டர் நிபுணர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸுக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரம் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் திசையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. இவையெல்லாம் இளைஞர்கள் தாங்கக் கூடிய கஷ்டங்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெங்களூர் ஆற்றங்கரையில் தோன்றிய ஊர் அல்ல. கெம்பே கௌடரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஏரி வெட்டி ஏரி வெட்டித்தான் ஊரை வளர்த்தார்கள். இன்று நாம் போய் இறங்கும் பெரிய பஸ் நிலையம் தர்மாம்புதி என்ற ஏரியின் மேல் இருக்கிறது. கண்டீரவ விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மேல் இருக்கிறது. மிஞ்சிய ஏரிகளில் பெல்லந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்தது. ஏரி எரிந்தது என்று எழுதும்போது நமக்கே கூச்சமாக இருக்கிறது; ஆனால் நடந்தது அதுதான். ஏரிகள் போதாமற் போனதும் 1890-களில் ஹெசரகட்டத்திலிருந்தும், 1933-ல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974-ல் காவிரியிலிருந்தும் தண்ணீர் கொண்டு வந்தார்கள். காவிரியின் உதவி அதற்கு முன்பே அவர்களுக்குக் கிடைத்ததுதான். சிவசமுத்திரத்து அருவியில் பிறந்த மின்சாரம் 1905-லேயே பெங்களூர் வீதிகளில் விளக்கேற்றி விட்டது.

இன்று அந்தக் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் வந்து, சுமார் 500 மீட்டர் உயரம் இயந்திர பலத்தால் மேலேறிப் பெங்களூரை அடைகிறது. மேட்டில் இருக்கும் ஊருக்குப் பள்ளத்தில் ஓடும் ஆறு! 2007-ல் நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களில்தான் புது அடுக்கு மாடி வீடுகள் மிகுதி. அங்கே பல காலம் ஆழ்துளைக் கிணறும் லாரியுமே கதியாக இருந்தன. 2024 கோடையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் வறண்டன. குடிநீரில் காரைக் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டார்கள். அவ்வருஷம் அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 77 கோடி லிட்டருக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வழி ஏற்பட்டது. திட்டம் திறப்பது ஒன்று. நம் வீட்டுக் குழாயில் ஜலம் வருவது வேறு. வீடு பார்க்கப் போகிறவர் காவிரி இணைப்பு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். நீச்சல் குளம் இருக்கிறதா என்பதைப் பிறகு கேட்கலாம்.

இதில் தமிழனுக்கு மட்டும் உரிய ஒரு தர்ம சங்கடமும் உண்டு. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில் தமிழ்நாட்டின் காவிரிப் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி. குறைந்தது. அதில் 4.75 பெங்களூர் மக்களின் குடிநீருக்கென்று ஒதுக்கப்பட்டது. தஞ்சாவூரில் நிலமும் பெங்களூரில் வீடும் உள்ள கனவான் எந்தப் பக்கம் நின்று பிரார்த்தனை செய்வார்?

சங்கடம் பிரார்த்தனையோடு நின்று விட்டால் பாதகமில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டி அங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் பலவற்றை எரித்தார்கள். இவற்றை மறைத்து விட்டுப் "போங்கள்" என்று சொல்வது யோக்கியமான யோசனை ஆகாது. அதே சமயம் இவற்றை மட்டும் சொல்லி விட்டு நிறுத்துவதும் யோக்கியமல்ல. பல வருஷங்கள் மூடிக் கிடந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அதே மாதம் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. சித்திரைப் பௌர்ணமி ராத்திரி பெங்களூர் விழித்திருந்து கொண்டாடும் கரகத் திருவிழாவைப் பரம்பரையாக நடத்துகிறவர்கள் திகளர்கள். தமிழ் கலந்த மொழியைப் பேசும் குலத்தார். அந்தக் கரகம் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்பட்டு, வழியில் ஒரு முஸ்லிம் பெரியாரின் தர்காவுக்கும் போய் வருகிறது. கன்னட இலக்கியத்துக்காக 1983-ல் ஞான பீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். கன்னட நாடக மேடையைச் சிரிக்க வைத்த கைலாஸத்தின் குடும்பமும் தமிழ்க் குடும்பமே. இவர்களைக் கன்னடியர் தங்களில் ஒருவராகக் கொண்டாடுவதற்குக் காரணம் வெளிப்படை.

நம்மவரில் பலர் அங்கே இருபது வருஷம் இருந்தும் "எஷ்டு?" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் கற்றுக் கொள்வதில்லை. தமிழ் பேசியே காலம் தள்ளி விடலாம், இல்லாவிட்டால் இங்கிலீஷ் இருக்கிறது என்ற தைரியம். ஒரு தமிழன் கன்னடம் கற்பது எவ்வளவு சுலபம்! நம் சொல்லின் முதலில் வரும் 'ப'கரத்தை 'ஹ'கரமாக்கினால் பாதிப் பாடம் முடிந்தது. பால் ஹாலு ஆகும். பல் ஹல்லு ஆகும். புலி ஹுலி ஆகும். பத்து ஹத்து ஆகும். போ என்பது ஹோகு. ஆறு மாதம் காய்கறிக்காரியோடு பேரம் பேசினால் மற்றப் பாதியும் வந்து விடும். சென்னையில் இருபது வருஷம் குடியிருந்து தமிழ் தெரியாது என்கிறவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோமோ, அதையே அவர்களும் நினைக்க மாட்டார்களா?

குழந்தைகள் விஷயத்தில் கவலை நேர்மாறானது. 2015-ம் வருஷத்துச் சட்டப்படி அங்கே பள்ளிக்கூடங்களில் கன்னடம் கற்பிக்க வேண்டும், அது நியாயமே. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத் தரும் இடம் வீடு ஒன்றுதான். வீட்டில் பெற்றோருக்கோ நேரமில்லை. தமிழைச் சரளமாகப் பேசி, தாத்தா எழுதிய கடிதத்தை எழுத்துக் கூட்டவும் தெரியாத குழந்தைகளை நாம் பார்த்திருக்கிறோம். தாத்தாவும் பாட்டியும் உடனிருக்க வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் வலுவான நியாயம் ஒன்று நமக்குத் தோன்றவில்லை.

இனி அந்தத் தாத்தா, பாட்டியின் கட்சி. நமக்கு மிகவும் வேண்டிய தம்பதிகள். அவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாப்பேட்டையில் இருந்த வீட்டை விற்றுப் பையனுடைய பணத்தோடு சேர்த்துப் பெங்களூரில் பதினோராவது மாடியில் ஒரு வீடு வாங்கினார்கள். அந்த அம்மாளுக்கு ஊர் பிடித்து விட்டது. காலையில் பூங்காவில் உலாவுகிறார். பஜனைக் கோஷ்டியில் சேர்ந்திருக்கிறார். பூக்காரியிடம் கன்னடம் கற்றுக் கொண்டு அவளுடைய பெண்ணின் கல்யாணத்துக்கும் போய் வந்து விட்டார். அவரோ ஜன்னலண்டை நாற்காலியைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஸார், இங்கே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் ஒருவனும் இல்லை. லிப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் கைக் கருவியையே பார்க்கிறார்கள். நான் திரும்பி வந்து விடலாம் என்றால், எந்த வீட்டுக்கு வருவது?" என்று நம்மிடம் கேட்டார். நமக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே தண்ணீரைக் குடித்து, ஒருவர் குடியேறியிருக்கிறார், மற்றவர் தங்கியிருக்கிறார்.

ஹோசூரில் வீடு பார்த்துக் கொண்டால் என்ன என்று இப்போது பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு எல்லை, பெங்களூருக்கு 40 கிலோமீட்டர், பிள்ளை எலெக்ட்ரானிக் ஸிட்டியில் வேலை பார்ப்பவனானால் தினமும் போய் வரலாம். குழந்தைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடைக்கும். பெரியவர்களுக்கு ரேஷன் கார்டு முதல் சிநேகிதர் வரை எதுவும் மாற வேண்டியதில்லை. இது நல்ல யோசனைதான்; பிள்ளையின் ஆபீஸ் நகரத்தின் வடகோடிக்கு மாறாத வரையில்.

ஆகவே இளைஞர்கள் போகட்டும், கன்னடம் கற்கட்டும். பெரியவர்கள் போவதையும் நாம் தடுக்கவில்லை. ஊர் வீட்டை விற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். வாடகைக்கு விட்டு விட்டு, அங்கேயும் ஒரு வருஷம் வாடகைக்கே இருந்து பாருங்கள். அதன் பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால், பத்திரத்தோடு 'ஏ காத்தா'வா 'பி காத்தா'வா என்பதையும் ஒரு வக்கீலிடம் காட்டிக் கொள்ளுங்கள். 'பி' என்றால் அனுமதியில் ஏதோ குறை இருக்கிறதென்று பொருள். கடன் வாங்கவும் கஷ்டம். வீடு பார்க்க மார்கழியில் போகாதீர்கள். மார்கழியில் அந்த ஊர் யாரையும் மயக்கி விடும். பங்குனிக் கடைசியில் போங்கள். தரகர் சொல்வதைக் கேட்டு விட்டுக் கீழே இறங்கி, அந்தத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடம், தண்ணீர் லாரி வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று கேளுங்கள். கன்னடத்தில் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்.