இரும்புக்கு இடும் காப்பு

ஆண்டு முழுதும் மழை பொழியும் நம் நாட்டில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. பால்வெட்டுக் கத்தியை ஈரத்தோடு ஓரிரவு போட்டுவைத்தால், விடியுமுன் அதன் மேல் செந்துரு படர்ந்திருப்பதைத் தோட்டத்தார் யாவரும் அறிவர். கத்திக்கே இக்கதியெனின், பல உறுப்புகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி ஓடவேண்டிய இயந்திரத்தின் நிலை என்னவாகும்? அத்தகைய ஒன்றை, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கியை, இங்கு எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். செம்பனை இளங்கன்றுகளை அழிக்கும் காட்டுப் பன்றியை எதிர்க்க உரிமம் பெற்ற துப்பாக்கியை நாடும் பயிர்க்காரர் உண்டு. நிற்க, நாம் பேசப் புகுந்தது சுடும் வித்தையை அன்று, இரும்பைக் காக்கும் அறிவையே.

இவ்வகைத் துப்பாக்கிகளுள் முதன்முதல் பெருவெற்றி கண்டது அமெரிக்கராகிய ஜான் பிரவுனிங் படைத்த ஆட்டோ-5. 1900-ல் அதற்குக் காப்புரிமை பெற்ற அவர், 1902-ல் பெல்ஜிய நாட்டு ஹெர்ஸ்டால் தொழிற்சாலையோடு உடன்பாடு செய்துகொண்டார். தோட்டா வெடித்தவுடன் குழலும், அதன் பின்வாயை மூடி நிற்கும் போல்ட் என்னும் அடைப்பும் பூட்டியபடியே பின்னோக்கி ஓடும். குழல் முன்னே திரும்ப, வெற்றுத் தோட்டா வெளியே எறியப்படும். பின்னர் அடைப்பு புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்வந்து பூட்டிக்கொள்ளும். 1963-ல் வெளிவந்த ரெமிங்டன் 1100 வேறு வழியில் இயங்குவது. வெடிப்புகையின் ஒரு பகுதியைக் குழலின் சிறு துளை வழியே பெற்று, அதன் அழுத்தத்தால் உறுப்புகளைப் பின்தள்ளும். புகையோடு கரியும் வரும். கரியோடு எண்ணெய் கூடப் பசைபோல் படியும். துருவும் சேர்ந்தால் கேட்கவேண்டுவதில்லை. அடைப்பு பாதி வழியில் நின்றுவிடும்.

முன்னாளில் எண்ணெய் ஒன்றே இதற்கு மருந்து. எண்ணெயோ வழியும், காயும், தூசியைப் பிடிக்கும். குரோமிய மின்முலாம் கடினமானதுதான். ஆயினும் மின்சாரத்தால் படியும் முலாம் முனைகளில் தடித்தும் குழிகளில் மெலிந்தும் அமையும். இக்குறை தீர்ந்தது வாஷிங்டன் தேசியத் தர அளவைக் கழகத்தில். அங்கே ஏப்னர் பிரென்னர் என்பாரும் கிரேஸ் ரிடெல் என்னும் பெண்மணியும் குழாயின் உட்புறத்தில் மின்முலாம் படியவைக்க முயன்று, ஹைப்போபாஸ்பைட் என்னும் உப்பை நீரில் சேர்த்தனர். உட்புறத்தோடு நில்லாது வெளிப்புறத்திலும் முலாம் படிந்தது. மின்சாரமே வேண்டாத நிக்கல் முலாம் இவ்வாறு பிறந்து, 1946-ல் உலகறிய வெளியிடப்பட்டது. (பெண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்பார் இதனைக் குறித்துக்கொள்வாராக.) ஏறத்தாழ 90 பாகை சூட்டிலுள்ள அந்நீர் எட்டும் இடமெல்லாம் நிக்கல் ஒரே கனத்தில் படியும்.

இதனோடு சேர்ந்ததுதான் டெப்லான். 1938-ல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட இப்பொருளை, தோசை ஒட்டாத சட்டியாக நம் அடுக்களையிலேயே காண்கிறோம். அதன் நுண்துகள்களை நிக்கல் நீரில் கலந்துவிட்டால், நிக்கலுக்குள் அவையும் பதிந்து படியும். மேற்பரப்பு தேயத் தேய உள்ளிருக்கும் துகள்கள் வெளிப்படுவதால் வழுக்கும் தன்மை நீடிக்கும். கனமோ ஓர் அங்குலத்தை ஆயிரங்கூறிட்டதில் ஒரு கூறு அல்லது அதனினும் குறைவு. கரியும் இறுகப் பற்றாது. துணியால் துடைக்க எளிதில் போகும்.

ஆனால் அழுக்கின்மேல் இட்ட முலாம் உரிந்துவிடும். எண்ணெய்ப் பசையையும் துருவையும் அறவே நீக்கிய பின்னரே நீரில் அமிழ்த்தல் வேண்டும். இவ்விடத்தில் நம்மவர் ஆயுத பூசை நினைவுக்கு வருகிறது. அன்று இயந்திரத்துக்கும் கத்திக்கும் சந்தனமும் குங்குமமும் தண்ணீர் விட்டுக் குழைத்து அப்புகின்றனர். ஈரத்தை இரும்பின்மேல் பூசி, துருவுக்கு விருந்து வைத்துவிட்டு, கருவி நெடுநாள் உழைக்கவேண்டுமென்று கைகூப்புகின்றனர்! அந்நாளில் அதனைக் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டால் நம் அறிவுக்கும் இழுக்கில்லை, கருவிக்கும் நலம்.

முலாம் நல்லதென்று எல்லா உறுப்புக்கும் இட்டுவிடலும் ஆகாது. ஆட்டோ-5-ல் கீழ்க்குழாயைப் பற்றிப் பிடிக்கும் வெண்கல வளையம் ஒன்றுண்டு. பின்னோடும் குழலின் வேகத்தைத் தடுப்பது அவ்வளையத்தின் உராய்வே. அங்கு வழுக்கலை மிகுவித்தால் குழல் மட்டுமீறி மோதும். முன்கைப்பிடி மரம் பிளக்கும். பல சுருள்வில்களையும் விலக்குதல் நன்று. முலாம் இடும்பொழுது எழும் ஹைட்ரஜன் கடினமான எஃகினுள் புகுந்து அதனை முறியும் தன்மையதாக்கிவிடும்.

இதுகாறும் இரும்பின் நலம் பேசினோம். அதனை அமிழ்த்தி எடுப்பவன் நலமோ? நிக்கல் நீர் தோலில் படப்படச் சொறிபுண் உண்டாகும். நிக்கல் சேர்மங்களையும், குரோமியத் தொட்டியிலிருந்து எழும் ஆறிணைதிறக் குரோமியத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் கழகம் புற்றுநோய் விளைப்பனவாக வகைப்படுத்தியுள்ளது. டெப்லான் ஆக்கத்தில் நெடுங்காலம் பயன்பட்ட பி.எப்.ஓ.ஏ. என்னும் பொருளும் 2023-ல் அவ்வகையில் சேர்க்கப்பட்டது. பட்டறைக்குள் ஆவியை இழுத்து வெளியேற்றும் காற்றாடியும், கையுறையும், கண்காப்பும் இல்லாமல் இத்தொட்டியருகே ஒருவனை நிறுத்துவது, துப்பாக்கியைத் துருவினின்று காக்கக் கூலிக்காரன் நுரையீரலை விலையாகக் கொடுப்பதாகும். கழிநீரிலுள்ள நிக்கலைப் பிரித்தெடுத்த பின்னரே அதனைச் சாக்கடையில் விடல் வேண்டும். அச்சாக்கடையின் முடிவில் ஆறும், ஆற்றோரத்தில் குடியிருப்பும் இருக்கின்றன.