தெருவை எடுத்துக்கொண்டவர்கள்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள் தங்கள் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். பள்ளி விட்டதும் பையை வீட்டுக்குள் வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடியது, கண்மாயில் குதித்தது, கோடை விடுமுறையில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வீடு திரும்பியது என்று அடுக்கிக்கொண்டே வந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபோனை விட்டால் வேறு உலகம் இல்லை என்று முடிப்பார்கள். அந்த ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தொலைந்தது எது, தொலைத்தது யார் என்ற இரண்டு கேள்விகளிலும் அது தவறான பதிலைச் சொல்கிறது. கவலையில்லாத வாழ்க்கை அந்தக் காலத்திலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. அவர்களில் பலருக்கு வாய்த்திருந்தவை பெரியவர்கள் தலையிடாத கொஞ்சம் நேரமும், காசில்லாமல் ஆடக்கூடிய கொஞ்சம் இடமும்தான். அவற்றை அடுத்த தலைமுறையிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், இன்று ஏங்கிப் பேசும் பெரியவர்களாகிய நாம்.

அந்தக் காலத்தின் கணக்கை ஒளிக்காமல் பார்க்க வேண்டும். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அந்த எண் 28, தமிழ்நாட்டில் 13. பெரியம்மை இந்த நாட்டை விட்டுப் போனது 1975இல்தான். சிவகாசி வட்டாரத்தில் விடியுமுன் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த தீப்பெட்டிக் கம்பெனி வண்டிகளும் நாம் பொற்காலம் என்று சொல்லும் அதே ஆண்டுகளில்தான் ஓடின. அந்தப் பிள்ளைகளைப் பற்றிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990இல் வந்தது. உச்ச நீதிமன்றம் அவர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1996இல். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் காட்டில் ஆடித் திளைக்கிறார்கள். அவர்கள் கவுண்டர் பண்ணையங்களில் அடிமை வேலைக்கு விடப்பட்ட சக்கிலியர் வீட்டுப் பிள்ளைகள். ஆட்டமும் அடிமைத்தனமும் ஒரே நாளுக்குள், ஒரே உடம்புக்குள் இருந்தன என்பதை அந்த நாவல் அளவுக்குக் காட்டியவை குறைவு. நம் ஏக்கப் பேச்சில் முதல் பாதி மட்டுமே வருகிறது.

பெண் பிள்ளைகளின் கணக்கு தனி. தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்ற நூலில் ஆட்டங்களை ஆண்பாற் பகுதி, பெண்பாற் பகுதி என்று பிரித்து வைத்திருக்கிறார்; இருபாலரும் சேர்ந்து ஆடுபவை மூன்றாவதாகத் தனியே நிற்கின்றன. அந்தப் பிரிவினை அவர் உண்டாக்கியதல்ல, தெருவிலேயே இருந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே நொண்டி ஆடிய சிறுமிக்கு அந்த மாலையும் வயதுக்கு வரும்வரைதான். அதற்குப் பிறகு தாயக்கட்டமும் பல்லாங்குழியும் திண்ணைக்கு உள்ளே. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே தயங்கிய சேரிப் பிள்ளைக்கு அந்தத் தெருவின் ஆட்டத்தில் என்ன இடம் இருந்திருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலம் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று சொல்பவர்கள் இவற்றையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் மீதம் நிற்பது ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்தத் தெருவில் ஆட்டத்தை நடத்தியவர்கள் பிள்ளைகள். பம்பர ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தரையில் ஒரு வட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் சாட்டையைச் சுற்றிப் பம்பரத்தை விட்டு, சுழலும்போதே அதைச் சாட்டையால் தூக்கி அபீட் எடுக்க வேண்டும். பிந்தியவன் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் அதன்மேல் ஆணி இறங்கும்படி குத்தி ஆக்கர் வைப்பார்கள். யார் பிந்தினான், குத்து பட்டதா இல்லையா, பம்பரம் கோட்டைத் தாண்டியதா என்று ஒவ்வொரு சுற்றிலும் வழக்கு வரும். தீர்ப்புச் சொல்ல விசில் வைத்த ஆள் யாரும் இல்லை. கத்துவார்கள், சத்தியம் செய்வார்கள், ஒருவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான், ஆள் குறைந்தால் ஆட்டம் நிற்கும் என்பதால் அவனைச் சமாதானம் செய்து கூட்டி வருவார்கள். போங்கு ஆடுகிறவனை மறுநாள் சேர்க்க மாட்டார்கள். கண்ணாமூச்சியில் இன்னொரு சிக்கல். நாலு வயதுத் தம்பியை விட்டுவிட்டு வர முடியாது. சேர்த்துக்கொண்டால் அவன்தான் எப்போதும் முதலில் பிடிபடுவான். அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டாலும் அவுட் கிடையாது. எளியவனை வெளியே தள்ளாமலும் ஆட்டத்தைக் கெடுக்காமலும் ஒரு வழி காண்பது நாடாளுமன்றங்களுக்கே கடினமான வேலை. அதைப் பத்து வயதுப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமல் செய்தார்கள். இன்று கிரிக்கெட் பயிற்சி முகாமில் சேர்க்கப்படும் பிள்ளை மட்டை பிடிப்பதை நன்றாகவே கற்கிறது. விதியை உண்டாக்கவும், அதற்காக வாதாடவும், தோற்ற பிறகு நட்பைக் காப்பாற்றவும் அங்கே அதற்கு வேலை இல்லை. அதையெல்லாம் பயிற்சியாளர் பார்த்துக்கொள்கிறார்.

இந்தத் திறமைக்கும் அந்தக் காலத்து வறுமைக்கும் சம்பந்தம் இல்லை. தடுப்பூசியும் பள்ளியும் சத்துணவும் வந்தபோது தெரு போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது போனதற்குக் காரணங்கள் வேறு. 1981இல் இந்தியா முழுவதும் பதிவான மோட்டார் வாகனங்கள் சுமார் 54 லட்சம். 2020இல் 32 கோடிக்கு மேல். வீட்டு வாசல்வரை வண்டி வரும் வசதி வந்தது, வாசலில் கோலி ஆடும் வசதி போனது. டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் போக்குவரத்து குறைந்த தெருவையும் மிகுந்த தெருவையும் ஒப்பிட்டபோது, குறைந்த தெருவில் குடியிருந்தவர்களுக்கு அதே தெருவில் மூன்று மடங்கு நண்பர்கள் இருந்ததைக் கண்டார். நம் ஊர்களில் களத்துமேடும் புறம்போக்கும் மனைகளாயின. நேரம் போன கதை இன்னும் வேதனையானது. மதிப்பெண் ஒன்றே குறியாகிப் பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. அதைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதும், பள்ளி முடிந்த கையோடு டியூஷனுக்கு ஓடுவதும் யாருக்கும் தவறாகவே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டன.

குற்றவாளி ஃபோன்தான் என்பவர்களுக்கு ஒரு பதில். இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டது இது: 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள், 1990இல் 9 விழுக்காட்டினர். அந்த 19 ஆண்டுகளில் எந்தப் பிள்ளையின் கையிலும் ஸ்மார்ட்ஃபோன் இல்லை. நம் ஊரில் மலிவான டேட்டா வந்தது 2016க்குப் பிறகு. நகரத் தெருக்கள் அதற்கு முன்பே காலியாகிவிட்டன. கையை விட்டு நகராதபடி பிள்ளையைப் பிடித்து வைக்கும் வேலையை ஃபோனில் உள்ள செயலிகள் திட்டமிட்டே செய்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே காலியாகியிருந்த மாலைக்குள்தான் அவை நுழைந்தன. வெளியே போகாதே என்று சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து இதைப் பார்க்கிறாயே என்று திட்டுவது நியாயமில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு பயம். காலம் கெட்டுக் கிடக்கிறது, பிள்ளையை எப்படித் தெருவில் விடுவது என்று கேட்கும் தாயிடம் நான் வாதாட மாட்டேன். அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை, போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. முன்பும் இவை நடந்தன. சொல்ல வார்த்தையும் கேட்க ஆளும் இல்லாமல் பிள்ளைகள் விழுங்கிக்கொண்டார்கள். அதனால் கதவைப் பூட்டுவது அரைகுறைப் பாதுகாப்பு. திண்ணைகளில் ஆளிருக்கும், இருபது பிள்ளைகள் ஆடும் தெருவில் ஒரு பிள்ளை தனியாக அகப்படுவது கடினம். நாலு வீட்டார் பயந்து பிள்ளைகளை உள்ளே வைத்தால் ஐந்தாவது வீட்டுப் பிள்ளைக்குத் தெரு உண்மையிலேயே ஆபத்தாகிவிடுகிறது. இதை ஒரு குடும்பம் தனியாகத் தீர்க்க முடியாது.

சேர்ந்தால் தீர்க்கலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1971இல் நெதர்லாந்தில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாலைகளில் இறந்தார்கள். பிள்ளைக் கொலையை நிறுத்து என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் திரண்டு சாலைகளை மறித்தார்கள். அந்தப் பத்தாண்டுக்குள், வண்டிகள் நடை வேகத்தைத் தாண்டக் கூடாத குடியிருப்புத் தெருக்களுக்கு அங்கே சட்ட வடிவம் கிடைத்தது. அது பணக்கார நாடு, நமக்குச் சரிப்படாது என்பார்கள். தெருவை மறிப்பது நமக்குப் புதிதா? அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கட்சிக் கூட்டத்துக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று பந்தல் போட்டு நாள் கணக்கில் மறிக்கிறோம். வண்டிகள் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. பிள்ளைகளுக்காக மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மறிக்க ஒரு வார்டு கவுன்சிலரும் இரண்டு தடுப்புகளும் போதும். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இருக்கிற மைதானங்களில் பல, மணி அடித்ததும் பூட்டப்படுகின்றன. அரசுப் பள்ளி மைதானத்தை மாலையில் திறந்து ஒரு காவலரை அமர்த்தினால், தெரு தராத ஒன்றையும் அது தரும். எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம், வயதுக்கு வந்த பெண்ணும் வரலாம், அது யாருடைய வாசலும் அல்ல. எண்பதுகளின் தெருவில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு முதலில் இடம் தருவதாக அந்தக் கதவு திறக்க வேண்டும். காவலருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம்தான் அதற்கு முதல் செலவு.